கையில் பை இல்லாதவர்

வேலை முடிந்து திருநின்றவூருக்கு ரயிலில் திரும்பும்போது, லேடீஸ் பெட்டியில் அம்பத்தூரில் ஓர் அம்மா ஏறுவார். நெற்றி நிறையக் குங்குமம், இடுப்பில் செருகிய குட்டிப் பர்ஸ். கையில் பையே வைத்துக்கொள்ள மாட்டார். சீப்பு, வடிகட்டி விற்பவர்கள் வந்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"பை இருந்தா வாங்கத் தோணும்மா. இந்த வருசம் ஊட்டுக்கு ஒரு சாமான் வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிகீறேன். காலு நீட்டிப் படுக்க எடமில்ல" என்றார் ஒருநாள்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. நானும் அப்படியே முடிவெடுத்து வீட்டில் அறிவித்தும் விட்டேன்.

ஒரு முகூர்த்த நாளில் இரண்டு கைகளிலும் தாம்பூலப் பைகளோடு ஏறினார். ஒவ்வொன்றிலும் ஒரு எவர்சில்வர் டப்பா. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"நானா வாங்கினேன்? அவங்க குடுத்தாங்க. தாம்பூலத்தப் போயி வேணான்னு எப்டிம்மா சொல்றது?"

சொல்லிக்கொண்டே ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டிலும் இடமில்லை என்றேன். அவர் வாதாடவில்லை. பைக்குள் கைவிட்டு வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு எடுத்து டப்பாவின் மேல் வைத்து, இரு கைகளாலும் மறுபடி நீட்டினார்.

"வெள்ளிக்கெயம அதுவுமா... எடுத்துக்கோ கண்ணு."

முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டேன்.

அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. முகூர்த்த நாட்களில் மட்டும் பொதுப் பெட்டியில் ஏறிக்கொள்கிறேன்.