வாய்க்கால் கடைசியில் ஓர் அரசறிவியல் மாணவி

மணியக்கா காலமான செய்தி வந்தபோது நான் மில்லில் மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றேன். தொலைபேசியில் அவரின் மகள் சுகந்தி. "மாமி, அம்மா போயிட்டாங்க. நெஞ்சு நோகுதெண்டு விடிய ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனனாங்கள்..." எனக்குக் கண்ணீர் ஓடியது. தூள் கண்ணில் பட்டுவிட்டதென்று நினைத்து மில்காரர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நானும் வாங்கி முகத்தைக் கழுவினேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னதும் சுகந்திதான். "நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள், என்னை ஏன் பிள்ளை மாட்டிவிடுறாய்?" என்றேன். "அம்மாவோட ஆகக்கூடச் சண்டை பிடிச்சது நீங்கதானே மாமி" என்றாள். அதை மறுக்க முடியாது.

வட்டக்கச்சியில் எங்களுடையது அரசாங்கம் தந்த அனுமதிப்பத்திரக் காணி. குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் நாங்கள். மணியக்காவின் தாய்தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இனக்கலவர அடிதடிக்குத் தப்பி வந்தவர்கள். அவருக்கென்று வயல் இல்லை. எங்கள் வாய்க்காலின் கடைசித் துண்டைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தார். பேச்சு எங்கள் பேச்சாகவே மாறியிருந்தது. கோபம் வந்தால் மட்டும் "ஓம்" போய் "ஆமா" வந்துவிடும்.

நாற்பத்தைந்து வயதுக்குமேல் உயர்தரப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து, பல்கலைக்கழகத்தில் வெளிவாரியாக அரசறிவியல் படிக்கப் பதிந்தார். சனிக்கிழமை வகுப்பு. ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போய்த் திரும்பும்வரை அவரின் மாட்டைப் பார்ப்பது என் வேலை.

"மந்திரியா வந்தா எங்களை மறந்திடாதேங்கோ அக்கா. நோட்டீஸ் ஒட்ட நான் வாறன்" என்று படலையில் நின்று கத்துவேன்.

"மந்திரியா வாறதுக்குப் படிப்பு எதுக்கு பவானி? மந்திரிக்கிட்ட கேள்வி கேக்கத்தான் படிப்பு வேணும்" என்பார்.

களை பிடுங்கும்போது எனக்குப் பாடம் நடத்துவார். "உனக்கு விளங்கினா பேப்பர் திருத்துறவங்களுக்கும் விளங்கும்" என்பது அவரின் கணக்கு. இறைமை என்றொரு பாடம். மூன்று முறை சொல்லியும் நான் கொட்டாவிதான் விட்டேன். கடைசியில், "துருசுத் திறப்பு ஆரிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

"அண்ணரிட்ட."

"அதுதான் இறைமை. பூட்டுறதும் அவர், திறக்கிறதும் அவர்."

வயல்காரர் சேர்ந்து நடத்தும் எங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவர் என் சொந்த அண்ணர். குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடும் அந்தத் துருசின் திறப்பு அவரின் இடுப்பில்தான் தொங்கும். நல்ல மனிதர். ஆனால், மேல்வயல்கள் நிறைந்ததும் பூட்டிவிடுவார். கடைசி வயல்களில் குத்தகைக்காரர் வெடித்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்குக் கூட்டத்தில் கதிரையும் இல்லை, கதையும் இல்லை. பத்திரம் உள்ளவர்கள் மண்டபத்துக்குள் இருந்து கை உயர்த்துவோம். அவர்கள் வெளியே மரத்தடியில் நின்று முடிவைக் கேட்டுக்கொண்டு போவார்கள். நாங்கள் பழகிய முறை அதுதான்.

இரண்டாம் வருடத்தில், ஊரில் தீர்மானம் எடுக்கும் ஏதாவதொரு சபையைப் பற்றி எழுதி வரும்படி விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். மணியக்கா கொப்பியோடு எங்கள் கூட்டத்துக்கு வந்து, வாசல்படியில் இருந்து எழுதினார். யார் கதைக்கிறார்கள், யார் குறுக்கே விழுகிறார்கள், யார் வாயே திறப்பதில்லை, எல்லாம் எழுதினார். கடைசியில் எழுந்து, "நெல்லு விதைக்கிற எல்லாரும் உள்ள வந்து கதைக்கவும் கை தூக்கவும் விடுங்க. அதைக் கூட்டமே முடிவு செய்யட்டும்" என்றார். அண்ணர், "சரி, விருப்பமானவை கை தூக்குங்கோ" என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். காணி என் பெயரில் இருப்பதால் எனக்கும் வாக்கு இருந்தது. என் கை எழும்பத்தான் செய்தது. அண்ணரின் கண் என்னில் பட்டதும் அது கொண்டையைச் சரிசெய்யப் போய்விட்டது. தீர்மானம் தோற்றது.

அன்று பின்னேரம் அவரின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக் குசினிக்குள் ஒளிந்திருந்தேன். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கொண்டை நல்லாத்தானே இருந்துச்சு, ஏண்டி கலைச்ச?" நான் அழுதுவிட்டேன். அவர் என் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். "உன்மேல பிழை இல்லை பவானி. அண்ணன் பாத்துக்கொண்டு இருக்கேக்க தங்கச்சி கை தூக்கமாட்டா. அதுக்குத்தான் இரகசிய வாக்கெண்டு ஒண்டு வச்சிருக்கு."

அடுத்த சிறுபோக விதைப்புக்கு முந்திய கூட்டத்தில் அதையே கேட்டார். வெல்லுவோம் என்ற துணிவில் அண்ணர் சம்மதித்தார். எழுத்துத் தெரியாதவர்களும் இருந்ததால் மணியக்கா ஒரு வழி சொன்னார். ஆளுக்கொரு பயறும் ஒரு உழுந்தும் கொடுத்தார்கள். உள்ளே விட விருப்பமென்றால் பயறு, இல்லையென்றால் உழுந்து. சேலை மறைப்புக்குப் பின்னால் இருந்த பானைக்குள் ஒன்றைப் போட வேண்டும். கந்தையா அப்பு இரண்டையும் போட்டுவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார்: "ரெண்டு பகுதியும் எங்கட ஆக்கள்தானே. ஏன் ஒருத்தரை நோகடிப்பான்?"

"அப்பு, அது செல்லாத வாக்கு."

"செல்லாட்டி என்ன பிள்ளை, அவிச்சுத் தின்னலாம்தானே!"

பானையைக் கவிழ்த்தபோது பயறு விழுந்து பாய் பச்சையாகத் தெரிந்தது. அண்ணர் குனிந்து பார்த்தார், கிளறிப் பார்த்தார், பிறகு எழுந்து போய், மரத்தடியில் நின்றவர்களைத் தன் வாயாலேயே உள்ளே கூப்பிட்டார். மணியக்கா முதல் ஆளாகக் கதிரையில் இருந்து, முதல் பேச்சாக, "கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேர்ந்தாப் பிறகு துருசைப் பூட்டுங்க" என்றார். அந்தப் போகம் வாய்க்காலின் கடைசிவரை நெல் விளைந்தது.

அவரின் கட்டுரையை விரிவுரையாளர் வகுப்பு முழுவதற்கும் வாசிக்கச் சொன்னாராம். தன் மகளின் வயதுப் பிள்ளைகள் கைதட்டியதைச் சொல்லும்போது, படிக்க வெளிக்கிட்ட நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்கு வெட்கம் வந்ததைப் பார்த்தேன். இறுதி வருடப் பரீட்சை மட்டும் மிச்சம். அதற்குள் போய்விட்டார். பட்டம் இல்லை என்று சுகந்தி அழுகிறாள். பிள்ளை, எங்கள் வாய்க்காலுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: பயமில்லாமல் கேட்கும் பழக்கம். வருகிற ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு நான் வாக்குக் கேட்கப்போகிறேன். அண்ணர், இந்த மலரில்தான் இதை முதன்முதலாக அறிகிறீர்கள், குறை நினைக்கவேண்டாம். வாக்கு இரகசியமாகவே நடக்கட்டும். அண்ணி யாருக்குப் போடுவா என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லமாட்டேன்.