அம்மா வேலைக்குப் போடாத ரோஸ் ஸ்வெட்டர்

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த எங்கள் தாய்மாமா ஒரு மார்கழியில் ஆமத்தூருக்கு வந்தபோது இரண்டு ஸ்வெட்டர் கொண்டுவந்தார். எனக்குப் பச்சை, அம்மாவுக்கு ரோஸ். பச்சை, ரோஸ் என்றதும் நீங்கள் வேறு நிறத்தை நினைத்துக்கொள்வீர்கள். அந்த நிறங்களில் ஒரு டம்ளர் பாலை ஊற்றிக் கலக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி வெளிறி இருந்தன. எங்கள் ஊரில் அந்த மாதிரிப் பால் நிறமெல்லாம் தொட்டில் பிள்ளைக்குத்தான் எடுப்பார்கள். பெரியவர்கள் குளிருக்குப் போடுவது காப்பிப்பொடி நிறம், மெரூன், மிஞ்சினால் கரும்பச்சை. மாமா அசரவில்லை. வெளிநாட்டில் பனி கொட்டும்போது இதைத்தான் போடுவார்கள் என்று, முந்தின நாள்தான் அங்கே போய்விட்டு வந்தவர் மாதிரிச் சொன்னார்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

“ஏலே, ஒந் தங்கச்சி சட்டைய ஏம்லே போட்டு வந்திருக்க?” என்று ஒருவன் கேட்டான்.

“ஒனக்குக் குளிருது. எனக்குக் குளிரல” என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அம்மா மட்டும் தன்னுடையதைப் போடவே இல்லை. அவள் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். நன்றாக வெளிச்சம் வருவதற்கு முன்பே வேன் தெருமுனைக்கு வந்துவிடும். சேலைக்கு மேலே அப்பாவின் பழைய சட்டையை மாட்டி, இரண்டு கையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பாள். உதடு நடுங்கும். நான் பச்சை ஸ்வெட்டருக்குள் கதகதப்பாக நின்று பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்ப்பேன். எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டால், வெளிர் நிறம், வேலையில் அழுக்கு ஒட்டினால் துவைத்தாலும் போகாது என்றாள்.

சரி, நிறம்தானே கோளாறு. நிறத்தை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அம்மா வேலைக்குப் போனதும் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்தேன். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டில் இருந்தது. வாசலில் தங்கச்சியைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் பாட்டிலை அப்படியே கவிழ்த்தேன். கருநீலமாகத்தான் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உச்சிவெயில் வரைக்கும் ஊறவைத்து எடுத்துப் பிழிந்தேன். என் கை நீலம். பாதியில் காவலை விட்டுவிட்டு வந்து எட்டிப்பார்த்த தங்கச்சியின் மூக்கு நீலம். ஸ்வெட்டர் மட்டும் ரோஸை விட்டுவிட்டு இன்னொரு பால் நிறத்துக்குப் போயிருந்தது. அதுவும் முழுக்க இல்லை, திட்டுத் திட்டாக வெளிர் ஊதா.

சாயங்காலம் அம்மா வந்தாள். கொடியில் தொங்கியதைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். அடி விழும் என்று தங்கச்சி ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அம்மாவோ ஸ்வெட்டரை எடுத்துத் தோளில் வைத்து அளவு பார்த்தாள். விடிந்தால் ஞாயிறு, கோயிலுக்கு இதைத்தான் போட்டு வரப்போகிறேன் என்றாள்.

சொன்னபடியே வந்தாள். மார்கழிப் பூசைக்குத் தெருவே அங்கே நின்றது. அம்மாவோடு அதே வேனில் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்.

“என்ன மதினி, கத்தரிப் பூ மாதிரி வந்து நிக்கீக?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மா தலை குனியவில்லை. “எம் மகன் எனக்காக முக்கிக் குடுத்தது. இப்படிச் செய்ய ஒங்க வீட்டுல யாரு இருக்கா?” என்று கேட்டுவிட்டு, பொங்கல் வாங்க இலையை நீட்டினாள். அன்றைக்கு நான் கோயிலை மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றினேன். சாமிக்காக இல்லை, எல்லாரும் என்னைப் பார்க்கட்டும் என்றுதான்.

திங்கட்கிழமை பார்த்தால் மறுபடியும் அப்பாவின் பழைய சட்டை. அதான் நிறம் மாறிவிட்டதே, இன்னும் என்ன என்று வாசலை மறித்துக்கொண்டு கேட்டேன். வேன் வந்துவிட்டது என்று என்னை நகர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போகிறவர்கள் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். நைலான், கம்பளி எதுவும் ஆகாது. காய்ந்த குளிரில் அது உடம்போடு உரசினால் பொறி பறக்கும். பட்டாசு மருந்துக்கு அந்தப் பொறி போதும். மாமா கொண்டுவந்தது நைலான் நூல். வேனில் ஏறும்போதே அதைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள். இதை எங்களிடம் சொல்ல அம்மாவுக்கு வழியில்லை. ஏனென்றால், பெட்டியில் லேபிள் ஒட்டுகிற வேலை என்றுதான் அவள் எங்களிடம் சொல்லி வைத்திருந்தாள். மருந்து கலக்குகிறாள் என்பது எனக்கும் தங்கச்சிக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் அம்மா வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது கரண்டு போய்விட்டது. வீடு முழுக்க இருட்டு. நான் என் பச்சை ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுத்துக் கழற்றினேன். சடசடவென்று சத்தம் வந்தது. கழுத்துப் பக்கம் பொடிப்பொடியாக நீல வெளிச்சம் தெறித்தது. தங்கச்சி கைதட்டினாள். விடுவேனா? மறுபடி மாட்டி, மறுபடி இழுத்தேன். இன்னும் நன்றாகவே வந்தது.

“அம்மா, எனக்குள்ளயும் பட்டாசு இருக்கு, பாரும்மா.”

அம்மா ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் தலைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கரண்டு வரும் வரைக்கும் எடுக்கவே இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றினதில் முடியெல்லாம் நட்டுக்கொண்டு நிற்கிறது, படிய வைக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.