கோயில் வாசலில் கழற்றிய செருப்பு

சின்னதுல வந்த காய்ச்சல்ல எங்கக்காவுக்கு இடது கால் சூம்பி, ரெண்டு விரக்கடை குட்டையாப் போச்சு. நடந்தா ஒரு பக்கமாச் சாயுவா. தீப்பெட்டி ஒட்ட உக்காந்தா, அடேயப்பா, அந்தக் கை வேகத்துக்கு எவளும் கிட்ட நிக்க முடியாது. ஆனா பொண்ணு பாக்க வர்றவுக கையையா பாக்குறாக?

விருதுநகர் பஜார்ல செருப்புத் தைக்கிற ஒருத்தர்கிட்ட எங்கய்யா அவளைக் கூட்டிட்டுப் போனாரு. அவர் இடது செருப்புக்குள்ள தோலும் டயர் ரப்பரும் அடுக்கி, மேல மெத்துன்னு துணி வச்சு ஒரு அட்டை தச்சுக் குடுத்தாரு. அதைப் போட்டு நடந்தா சாய்வே தெரியல. இடுப்பு வலியும் விட்டுச்சு. செருப்போட வீட்டுக்குள்ள வந்தா அம்மா கத்துவா. அதனால அக்கா கொல்லையிலேயே நடந்து நடந்து பழகுனா. "ஏடி, நேரா நடக்குறனா?"ன்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருப்பா.

தாயில்பட்டியில இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளைக்கு வெடிக் கம்பெனியில வேலை. கால் சங்கதியை அவுககிட்ட எங்க வீட்டுல யாரும் சொல்லல. எங்க பக்கம் முதல்ல கோயில்ல வச்சுத்தான் பொண்ணைக் காட்டுவாக. பிடிக்கலைன்னா சாமி கும்பிட வந்த மாதிரி அவுக பாட்டுக்குப் போயிரலாம், யாருக்கும் தலைக்குனிவு இல்ல. "இருக்கன்குடி கோயிலுக்கு வந்துருங்க"ன்னு ஐயா சொல்லி அனுப்பிட்டாரு. அட்டை குடுத்த தெம்பு! கோயில்ல செருப்பைக் கழட்டணுமேங்கிறது ஒருத்தருக்கும் உறைக்கல, அக்காவுக்குக் கூட.

வாசல்ல எல்லாரும் செருப்பை விட்டாக. அக்கா வாரைப் பிடிச்சபடி குனிஞ்சே நின்னா. அம்மாவுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. எனக்கு ஐயா மேல வந்த ஆத்திரம் இருக்கே! உள்ள அவுக காத்துக்கிட்டு இருக்காக, வேற என்ன செய்ய? கழட்டிப் போட்டுட்டுச் சாஞ்சு சாஞ்சு போனா.

மாப்பிள்ளையோட அம்மா நல்ல மனுசி. "கால்ல முள்ளு கிள்ளு தச்சிருச்சா தாயி?"ன்னு மெல்லக் கேட்டாக.

"ஆமா மதினி, வர்ற வழியில"ன்னு அம்மா முந்திக்கிட்டா.

"இல்லத்தே. சின்னதுல இருந்தே இப்பிடித்தான்"னு அக்கா சொன்னா.

அந்தம்மா அவ நெத்தியில திருநீறு பூசி, "நல்லா இரு"ன்னாக. மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அம்புட்டுத்தான். கூட்டத்தோட கூட்டமாப் போயிட்டாக.

"பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு! முள்ளுன்னு சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போச்சு?"ன்னு ஐயா குதிச்சாரு. அக்கா செருப்புல மணலைத் தட்டி மாட்டிக்கிட்டு, பஸ் நிக்கிற இடத்தைப் பாத்து எங்களுக்கு முன்னால நடந்தா. துளி சாய்வு இல்ல. ஐயாவே அவ நடையைப் பாத்துக்கிட்டு வந்தாரு.

திரும்பிப் பாக்காமலே, "ஏடி, நேரா நடக்குறனா?"ன்னு கேட்டா.

"நேராத்தான் நடக்குறக்கா"ன்னேன்.

பாக்க வேண்டியவுக அதுக்கு முந்தின பஸ்லயே போயிட்டாக.