பழுதான லிஃப்டில் ஆள் ஏற்றுவதில்லை

திருப்புளியார் என்றால் அந்தக் குடியிருப்பில் தெரியாதவர் கிடையாது. மற்ற ஆண்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் பையில் திருகு முடுக்குகிற, சிவப்புப் பிடி போட்ட சின்னத் திருப்புளி ஒன்று இருக்கும். முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். அவர் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிவிட்டது, திருப்புளி இன்னும் ஓய்வு பெறவில்லை. எங்காவது கதவு கிரீச்சிட்டால் எழுந்துவிடுவார், குழாய் சொட்டினால் எழுந்துவிடுவார். மனுஷர் கெட்டவர் என்று யாரும் சொல்லமுடியாது. ஒரே ஒரு குணம்தான்: யாரையும் எதையும் கேட்கமாட்டார். வழி தெரியாவிட்டால் நாலு தெரு சுற்றுவாரே தவிர, நடந்துபோகிற ஒருவரை நிறுத்தி விசாரிக்கமாட்டார்.

மகனை லிஃப்ட் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்த்ததும் அப்படித்தான். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷ சர்வீஸுக்காகக் கம்பெனி கொடுத்த சலுகையில் இடம் வாங்கி, வேலைக்குரிய நீலச்சட்டையையும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார். மூன்று வாரம் போனான். நாலாவது வாரம் சட்டையை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு வரலப்பா" என்றான். அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையைக் கீழ் மாடி வரைக்கும் கேட்டார்கள். "என் மானத்தை வாங்கிட்டே, இந்தப் படி ஏறாதே" என்று இவர் கத்தினார். அவன் ஏறவில்லை. ஏதோ ஒரு கப்பலில் சமையலறை வேலைக்குப் போய்விட்டான். ஏழு வருஷம் ஆயிற்று.

ஆனால் வீட்டை விட்டுப் போன ஆறாவது மாதத்திலிருந்து அம்மாவுக்கு மட்டும் கடிதம் எழுத ஆரம்பித்தான். கூடத்தின் மூலையில் இருக்கிற கணினி அவன் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து வைத்தது. அம்மா பேரில் ஒரு மின்னஞ்சல் கணக்கும் அவனே திறந்து கொடுத்திருந்தான். கணினிப் பெட்டியைப் போட்டால் அந்தக் கணக்கு தானாகவே திறந்துகொள்ளும், கடவுச்சொல் எதுவும் கேட்காது. எந்தக் கப்பல், எந்த ஊர் என்று அவன் எழுதியதில்லை. கேட்டால் எழுதுவதையும் நிறுத்திவிடுவானோ என்று அவளும் கேட்டதில்லை.

அவளுக்குத் தட்டச்சு வராது. அவள் சொல்லச் சொல்ல அடிப்பது திருப்புளியார்தான். ஆறரை வருஷமாக அந்த மனிதர், "அன்புள்ள தம்பி, அம்மா எழுதுவது" என்று ஆரம்பித்து, "அன்புடன் அம்மா" என்று முடித்து, அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போவார். தன் பேரில் ஒரு எழுத்துச் சேர்த்ததில்லை. சேர்க்க ஆசை இருந்தது, கை வரவில்லை.

போன மாதம் இருபத்து நாலாம் தேதி ஒரு கடிதம் வந்தது. "அம்மா, வர்ற பத்தாம் தேதி கப்பல்லேர்ந்து இறங்கறேன். ஒரு மாசம் லீவு. வீட்டுக்கு வரலாமான்னு அப்பாகிட்ட கேட்டு எழுது. பதில் வரலேன்னா வேண்டாம்னு புரிஞ்சுக்கறேன். அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

திருப்புளியார் அதை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரச்சொல்லு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ஏழு வருஷம் காத்திருந்தவள், அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கியிருக்கிறோம், உன் அலமாரியை அப்படியே வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போனாள். இவர் அடித்துக்கொண்டே போனார். கடைசியில், இந்தத் தடவை தன் பேரிலும் ஒரு வரி சேர்த்துவிடுவது என்று முடிவு செய்து, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தார். அந்த நேரம் பார்த்துப் பெட்டி பொட்டென்று அணைந்தது. திரையில் ஒன்றுமில்லை, அடித்ததும் இல்லை.

மறுபடி போட்டார். ஓடியது. எட்டு நிமிஷத்தில் மறுபடி செத்தது.

தொழில்காரர் அல்லவா, பதறவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். தேதி, எத்தனை நிமிஷம் ஓடியது, என்ன செய்தேன், என்ன ஆயிற்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அது லிஃப்ட் வேலையில் படித்த ஒழுங்கு. பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து, பழைய தூரிகையால் தூசி எடுத்தார். மூலைக்குக் கொண்டுபோய் ஓட்டினார், நின்றது. நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் செம்புப் பற்களை அழிரப்பரால் தேய்த்துச் செருகினார், நின்றது. விசிறி மாற்றினார். சூடு தணிக்கிற பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார். மின்சாரம் பிரித்துக்கொடுக்கிற பெட்டியைக் கடையிலிருந்து வாங்கிவந்து மாட்டினார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: ஆறு நிமிஷம், ஒன்பது நிமிஷம், எட்டு நிமிஷம்.

"ஏங்க, எட்டு நிமிஷம்தான் ஓடுதே" என்றாள் மனைவி. "ஒரே எழுத்துதானே. 'வா'ன்னு போட்டு அனுப்பிடுங்களேன். அது நிக்கிறதுக்குள்ள போயிடும்."

"பழுதான லிஃப்டுல ஆள் ஏத்தக் கூடாது. முதல் பாடமே அதுதான்."

"இது லெட்டர்தானேங்க."

"பாதியில நின்னு, அரைகுறையா போய்ச் சேர்ந்தா அவன் என்னன்னு எடுத்துப்பான்? எல்லாம் சரி பண்ணிட்டு முழுசா அனுப்பலாம். நாள் இருக்கு."

நாள் இருக்கிறதாம். இதைச் சொல்லும்போது நோட்டில் பதினைந்து பக்கம் முடிந்திருந்தது. எட்டு நிமிஷத்தில் "வா" என்பதை எண்பது தடவை அனுப்பலாம். அவருக்கோ, அனுப்பினால் தன் ஒரு வரியும் சேர்ந்துதான் போகவேண்டும். அந்த வரி இன்னும் அகப்படவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வார்? அதனால் பழியை லிஃப்டின் மேல் போட்டார்.

முதல் தேதியன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணினிக் கடைக்குப் போனார். கடைக்காரர் மூன்றாம் தேதி திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு நாள் விடாம ஓட்டினேன் சார். ஒரு தும்மல்கூட இல்லை. உங்க வீட்டு கரண்ட் லைனைக் கொஞ்சம் பாருங்க."

"என் வீட்டு லைனா? அத்தனை ஒயரும் நான் இழுத்தது" என்றார் திருப்புளியார். முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"இல்லை சார், சும்மா ஒரு தடவை..."

"முப்பத்து நாலு வருஷம் ஒயரைத்தான் பார்த்தேன்" என்று பெட்டியை மார்போடு தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டு மூலையில் மாட்டினார். ஏழு நிமிஷம்.

உறுப்புகளில் கோளாறு இல்லை என்றால் மூளையில்தான் கோளாறு என்று தீர்மானித்தார். லிஃப்டுக்கும் அப்படி வருவதுண்டு. எந்த மாடியில் நிற்கிறோம் என்பதே அதற்கு மறந்துபோகும். அப்போது அதை அடித்தளம் வரை இறக்கி, எல்லாவற்றையும் மறக்கவைத்து, ஒன்று இரண்டு என்று மாடிகளைப் புதிதாக எண்ணவைப்பார்கள். ஆயிரம் லிஃப்டுகளை அப்படிப் பிழைக்கவைத்தவர் அவர். கணினியிலும் அதற்கு ஒரு வழி இருந்தது. எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. புகைப்படங்களை முன்பே வேறிடத்தில் நகல் எடுத்திருந்தார். கடிதங்கள் பெட்டிக்குள் இல்லை, வெளியே எங்கோ இருக்கின்றன என்பதும் அவருக்குத் தெரியும். அது சரியும்கூட. சம்மதம் என்று அழுத்தினார்.

வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில், சுவர் பிளக் பாயிண்டில் நேராக மாட்டிச் செய்தார். மூன்று மணி நேரம் ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. "பார்த்தியா, கீழே இறக்கி எண்ணவெச்சேன், சரியாயிடுச்சு. காலையில அனுப்பிடலாம்" என்றார். அவள் அன்று முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். பத்தாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள்.

மறுநாள் காலை அவள் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் இவர் பெட்டியை மூலைக்கு மாற்றி மின்னஞ்சலைத் திறந்தார். திறக்கவில்லை. முகவரி கேட்டது, கொடுத்தார். கடவுச்சொல் கேட்டது. பெட்டியின் ஞாபகத்தில் மட்டும் இருந்த சொல் அது. அதைத்தான் நேற்று மறக்கவைத்தார். லிஃப்ட் மறந்தாலும் கட்டடத்தின் மாடிகள் கட்டடத்திலேயே இருக்கும். இது அப்படியில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

கடவுச்சொல் மறந்தவர்களுக்கு என்று ஒரு கதவு இருந்தது. அதைத் தட்டியதும் ஒரு கேள்வி வந்தது: சிறுவயதில் நீங்கள் என்னவாக விரும்பினீர்கள்? மூன்று வாய்ப்பு.

அவள் வர அரைமணி நேரம் ஆகும். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன குடிமுழுகிப் போகும்? ஆனால் கணினி விஷயத்தில் அவளை என்ன கேட்பது என்பது அவர் எண்ணம். மகன் திறந்த கணக்கு, மகனைப் பற்றிய கேள்வி, அப்பாவுக்குத் தெரியாதா? சின்ன வயதில் இதே சிவப்புத் திருப்புளியைக் கேட்டு அடம்பிடித்தவன். லிஃப்ட் மெக்கானிக் என்று அடித்தார். தவறு. கொஞ்சம் வலித்தது. சமையல்காரர் என்று அடித்தார். தவறு. கப்பலில்தானே போனான் என்று நினைத்து, மாலுமி என்று அடித்தார்.

பாதுகாப்புக் கருதி இந்தக் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது என்று திரை சொன்னது.

அவள் பையோடு உள்ளே வந்தபோது அவர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். நடந்ததைச் சொன்னார். அவள் புரியாமல், "என்ன கேட்டுச்சு?" என்றாள். கேள்வியை வாசித்துக் காட்டினார்.

அவள் பையைத் தரையில் வைத்தாள். "அது என்னைக் கேட்ட கேள்விங்க."

"உன்னையா?"

"கணக்கு என் பேர்லதானே. அன்னிக்கு அவன் இதே இடத்துல உக்காந்துக்கிட்டு, 'அம்மா, சின்ன வயசுல நீ என்னவா ஆகணும்னு நினைச்சே'ன்னு கேட்டான். நான் சொன்னேன். சிரிச்சான். அதையே அதுல போட்டான்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

மகனின் முகவரி இருந்தால் வேறு கணக்கிலிருந்தாவது எழுதலாம். அது அந்தப் பூட்டிய கணக்குக்குள்ளேதான் இருந்தது. அவன் கடிதத்தின் கீழே பதில் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தித்தான் இத்தனை வருஷமும் எழுதினார்கள். நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து தேடினார். இருபத்தேழு பக்கம். எத்தனை நிமிஷம் ஓடியது, எந்தப் பட்டையை எந்தத் துளையில் போட்டது எல்லாம் இருந்தது. அந்த ஒரு முகவரி மட்டும் இல்லை. அன்றைக்கு அவர் தானாகப் போய்க் கணினிக் கடைக்காரரிடம், "இனி என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் இப்படி ஒருவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதிவு செய்த கைப்பேசிக்கு ஒரு ரகசிய எண் வரும், அது கிடைத்தால் திறக்கலாம் என்றார் கடைக்காரர். பதிவாகியிருந்தது மகனின் பழைய எண். அவன் படியிறங்கிப் போன மாதமே அது செத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் போட்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது. முடக்கப்பட்டது என்ற அதே வரி திரையில் நின்றது. எட்டாவது நிமிஷம் பெட்டி பொட்டென்று அணைந்தது.

இந்தத் தடவை அவர் பெட்டியைத் திறக்கவில்லை. தரையில் படுத்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். திரையின் ஒயர் சுவர் பிளக் பாயிண்டில் மாட்டியிருந்தது. பெட்டி மட்டும் மேஜைக்குப் பின்னால் கிடந்த மர எக்ஸ்டென்ஷன் பலகையில். கடையில் விற்பது உறுதியில்லை என்று அவரே பலகை அறுத்து, பித்தளை முனைகள் வைத்துச் செய்தது. மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு திருகு தளர்ந்திருந்தது. சூடேறச் சூடேற ஒயர் விலகியிருக்கிறது. சுற்றிலும் மரம் கருகிக் கிடந்தது. பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். அரைச் சுற்று, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கணினி ஒரு நாளும் நிற்கவில்லை.

பத்தாம் தேதி வந்தது. காலையிலிருந்து வாசல் கதவு திறந்தே இருந்தது. யார் திறந்து வைத்தார்கள் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் வந்தார், தண்ணீர்க் கேன் போடுகிறவர் வந்தார். பதினோராம் தேதியும் அப்படியே போயிற்று. பதினைந்தாம் தேதி கதவைச் சாத்தினார்கள்.

அன்று மத்தியானம் அவள் வழக்கம்போலக் கணினித் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திருப்புளியார் வெகுநேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா" என்றார். "சின்ன வயசுல நீ என்னவா ஆகணும்னு நினைச்சே?"

துணி ஒரு கணம் நின்றது.

"இப்ப எதுக்குங்க அது?" என்றாள் அவள். விட்ட இடத்திலிருந்து துடைத்து முடித்து, துணியை உதறிக் கொடியில் போடப் போய்விட்டாள்.