இருபத்தைந்து வாட், அறுபத்தைந்து வாட்

எழுபதுகளில் செங்கல்பட்டு பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்ன் என்னிடம் இரண்டு. வால்வு ரேடியோவுக்குப் பெரியது, அறுபத்தைந்து வாட். டிரான்சிஸ்டருக்குச் சின்னது, இருபத்தைந்து. வேலைக்குத் தகுந்ததை எடு என்று தொழில் பழகும்போது சொன்னார்கள். சுற்றிலும் பம்புசெட் ஓடி வோல்டேஜைக் குடிக்கிற ஊரில் சின்னது சூடாகுமா என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை எதிர்க்கடை வெங்காய மண்டி பாய் ஓடி வந்தார். அன்று சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு இளைய மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் சதுரங்கப்பட்டினம். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அவருடைய காது மிஷின் செத்துப்போயிருந்தது.

"தம்பி, பொண்ணாண்ட நான்தான் சம்மதம் கேக்கணும். இது இல்லாங்காட்டி எனக்கு இன்னா கேக்கும்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

மூத்தவள் நிக்காஹில் இந்த மிஷின் கிடையாது. சம்மதம் என்றாள் என்று சாட்சிகள் சொன்னதை நம்பிவிட்டார். "நான் வாயே தொறக்கல அத்தா" என்று அவள் பிறகு அழுதாளாம். இப்போது அவள் பிறந்த வீட்டோடு இருந்தாள்.

திறந்து பார்த்தேன். வியர்வையில் பச்சை பூத்து ஒரு கம்பி விட்டிருந்தது. ஒரு பொட்டு ஈயம் வைத்தால் தீர்ந்தது. சின்ன அயர்னைச் செருகினேன். வோல்டேஜ் இல்லை, பல்பு அழுது வடிந்தது. முனை காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிதான் சுட்டது, ஈயம் அசையவில்லை. மதியம் தாண்டியும் காத்திருந்தேன். பம்புசெட்டுக்காரர்களை வயிறெரிந்து திட்டினேன். வேறென்ன செய்ய முடியும்?

கடைசியில் பெரியதை எடுத்தேன். அதன் முனை கட்டைவிரல் தடிமன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டேன். மிஷினில் ஊறியிருந்த பாயின் அத்தர் வாசனை குப்பென்று எழுந்தது. கம்பி ஒட்ட வேண்டிய செம்புத் தடம் சர்க்யூட் அட்டையை விட்டு உரிந்து வந்துவிட்டது. இனி எந்த அயர்னாலும் ஆகாது.

கல்யாண வீட்டுக்குப் போய்க் கையை விரித்தேன். பாய் திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், பெண் இருந்த அறையின் திரைக்கு வெளியே நிறுத்தினார்.

"உன் காது நல்லாத்தானே கீது? கேட்டுச் சொல்லு."

சாட்சிகள் இருவரோடு உள்ளே போனார். அவர் மகளைக் கேட்டது கூடம்வரை கேட்டது. பதிலுக்கு வளையல் குலுங்கியது. அவ்வளவுதான். "சொல்ட்டா அண்ணாத்த, சொல்ட்டா" என்றார்கள் சாட்சிகள்.

பாய் திரையை விலக்கி என்னைப் பார்த்தார். என் காதில் ஒன்றும் விழவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை, தலையும் ஆடவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, சாட்சிகள் அவர் தோளைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.