காரணம் கேட்கிற நாடு

பணி விவரத் தாளில் அவரைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "அலுவலக உதவியாளர், இரண்டாம் நிலை. விண்ணப்பங்களை வரிசைப்படுத்துதல், நகலெடுத்தல், உறையிலிடுதல். மருத்துவக் கல்வி பற்றிய அறிவு தேவையில்லை."

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு மாணவர்களை அனுப்பிவைக்கும் அந்த நிறுவனத்தில் பதினெட்டு வருடமாக அதே தாள்தான். ஆனால் யாராவது சந்தேகம் கேட்டால் மேலாளரே ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா, கொஞ்சம் சொல்லுங்க" என்பார். கேலியாக வைத்த பெயர். நாளடைவில் கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பதினோரு நாடுகளின் விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு நாட்டில் ஒரே தேர்வு. ஒரு மதிப்பெண் பிசகினால் ஆள் காலி. இன்னொன்றில் முதலில் வேறு பட்டம் வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஒன்றில் தகுதியுள்ளவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். மற்றொன்றில் வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, வருடக் கடைசியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

பதினேழு வயதில், சொந்த நாட்டில், இரண்டு மதிப்பெண்ணில் இடத்தைக் கோட்டைவிட்டவர் அவர். அதன்பின் வருடம் தவறாமல் பதினோரு நாட்டுக்கும் மனசுக்குள் விண்ணப்பிப்பார். ஏழில் இடம் கிடைத்துவிடும். குலுக்கல் நாட்டில் மட்டும் ஒருமுறைகூட அவர் பெயர் வந்ததில்லை. கற்பனையிலும் நேர்மையான ஆள்.

இந்த வருடம் ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். அவள் கேட்ட நாடு, 'ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்?' என்று இரண்டு பக்கம் எழுதச் சொன்னது. அவள் ஒரே வரியில் முடித்திருந்தாள்: 'என் மதிப்பெண் அதற்குப் போதும்.'

"இதுல என்ன தப்பு?" என்றார் அப்பா. "கடையில காசு குடுத்தா, எதுக்கு வாங்கறேன்னா கேக்கறாங்க?"

"அங்க கேப்பாங்க சார்."

மேலாளர் கண்ணைக் காட்டினார். "நீங்களே எழுதிடுங்க டாக்டரம்மா. உருக்கமா இருக்கட்டும்."

உருக்கம் அவருக்கு வராது. நடந்ததை எழுதினார். தன் அப்பாவின் கை உடைந்து மாவுக்கட்டு போட்டதும், ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க டாக்டர் ஒவ்வொரு விரல் நகமாக அழுத்தி, நிறம் திரும்பும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணியது. அன்றிலிருந்து தான் யாரைப் பார்த்தாலும் முதலில் நகத்தைப் பார்ப்பது. பஸ்ஸில் பக்கத்தில் தூங்குகிறவர் விரலைப் பிடித்துவிடாமல் இருக்கப் படும் பாடு.

அந்தப் பெண் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, இது உங்களோடது."

"உனக்குத்தான் எழுதினேன் கண்ணு."

"எங்கப்பாவுக்கு எதுவும் உடையலையே. இன்டர்வியூல கேட்டா முழிப்பேன்." அப்புறம் மேலாளரிடம் சொன்னாள்: "மார்க் மட்டும் கேக்கற நாடு ஒண்ணு பாருங்க சார்."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பியது.

அவர்கள் போனபின் டாக்டரம்மா அந்த இரண்டு பக்கத்தையும் கிழிக்கப் போய், கிழிக்காமல் கைப்பையில் வைத்தார். அந்த நாட்டில் வயது வரம்பு கிடையாது. பதினெட்டு வருடமாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவரே அவர்தான்.

வீட்டில் கணவர் அதை இரண்டு முறை படித்தார். "நாப்பத்து மூணு வயசுல காலேஜா? நீ முடிச்சிட்டு வர்றப்ப நான்தான் உனக்கு முதல் பேஷன்ட்."

"வரிசையில வாங்க."

கணவர் சிரிக்கவில்லை. "கிடைக்கலன்னா?"

"ஏற்கெனவே கிடைக்காம இருந்து பாத்தாச்சே."

வெள்ளிக்கிழமை, கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னதாக, டாக்டரம்மா தன் பெயரில் விண்ணப்பித்தார்.