கண்ணாடியைக் கழற்றாத டொக்டர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பதுளை கடைவீதியில் ஒரு துணிக்கடையில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கும் வேலை. மிச்ச நேரமெல்லாம் சினிமா. எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. கார் பெட்டரியை ஹாலிஎலைக்குச் சுமந்துபோய் சார்ஜ் ஏற்றி வந்து டி.வி. பார்ப்போம். அந்தச் சனியன் பிடித்த பெட்டரி எப்போதும் கடைசிச் சண்டையில்தான் உயிரை விடும்.

அப்பாவுக்குக் கதாநாயகர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் டொக்டராக வரும் ஒரு நடிகர்தான் அவருக்கு எல்லாம். அவர் முகம் உங்களுக்கும் தெரிந்திருக்கும், பெயர்தான் யாருக்கும் தெரியாது. வெள்ளைக் கோட்டோடு ஒப்பரேஷன் அறைக்கு வெளியே வருவார். தடித்த கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றுவார். அவ்வளவுதான், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். "அந்த மனுசன் பொய்யே பேச மாட்டாரு. ஒரு படத்துலயாச்சும் அவரு சொன்னது தப்பாயிருக்கா?" என்று அப்பா எங்களோடு சண்டைக்கே வருவார்.

ஒருநாள் வேலையிலேயே அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடலிறக்கம். எத்தனையோ காலமாக யாருக்கும் சொல்லாமல் வேட்டியை இறுக்கிக் கட்டிச் சமாளித்திருக்கிறார், பாவி மனுசன்! இப்போது குடல் மாட்டிக்கொண்டது. டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயது, சோடாப்புட்டிக் கண்ணாடி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள வெட்டாட்டி குடல் அழுகிப் போடும். பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது. அப்பாவுக்குச் சொல்லுங்கோ."

அப்பாவா கேட்பார்? "அந்த ரூமுக்குள்ள போனவன் எவன் திரும்பி வந்திருக்கான்?" என்றார். அவர் சொன்னது சினிமாவை. அம்மா அழுதாள், நர்ஸ் மிஸ்ஸி அதட்டினார், நான் காலைப் பிடித்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, "இந்தப் பொடியனுக்கு என்னா தெரியும்? படத்துல வர்ற அந்த டொக்டரு வந்து சொல்லட்டும், படுக்கிறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

முதலாளி வந்து சொன்னாலாவது கேட்பாரா என்று கடைக்கு ஓடினேன். முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து கதிர்காமத்து முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் வந்து தங்கியிருந்தார். பனியனோடு உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார். நான் அவரைக் கண்டுகொள்ளவேயில்லை. அழுதுகொண்டே முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்திலிருந்து, "பேஷன்ட்டுக்கு எப்பத்திலேருந்தும்மா வலி?" என்று ஒரு குரல். அட கடவுளே! எங்கள் லயத்து டி.வி.க்குள்ளிருந்து வரும் அதே குரல்.

நீங்களே வந்து அப்பாவிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சியதும் மனிதர் வெலவெலத்துப்போனார். "வேணாம்மா. நான் எட்டாங்கிளாஸ் பெயில். என் வாயால இதுவரைக்கும் ஒருத்தனும் பொழச்சதில்ல" என்றார். நான் விடுவதாக இல்லை. தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டினார்.

ஆட்டோவில் போகும்போது, பதற்றத்தில் தன் கதையையே சொல்லிக்கொண்டு வந்தார். ஹீரோவாக வேண்டும் என்று ஊரைவிட்டு ஓடியவராம். ஒரு படத்தில் டொக்டராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. அவருக்குத் தைத்த கோட்டு இவருக்குக் கச்சிதமாக இருந்திருக்கிறது. அன்று ஏறிய கோட்டு பிறகு உடம்பைவிட்டு இறங்கவேயில்லை. நடுவில் ஒரு தடவை நீதிபதி வேஷம் கிடைத்தும் தூக்குத் தண்டனைதான் கொடுக்கச் சொன்னார்களாம். ரயிலில் போனால் ஆட்கள் நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டுவார்களாம். "வீட்ல தலைவலி மாத்திரை குடுத்தாக்கூட எம் பொண்டாட்டி வாங்க மாட்டாம்மா" என்றார் பரிதாபமாக.

வார்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். அப்பா ஏற இறங்கப் பார்த்தார். "யாரு இவரு, இன்சூரன்ஸ்காரரா?"

கண்ணாடி இல்லை! நிஜத்தில் அவருக்குக் கண் நன்றாகத் தெரியுமாம். அந்தக் கண்ணாடி படக் கம்பெனிச் சொத்தாம். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். நல்லவேளை, யாழ்ப்பாணத்து டொக்டருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் சோடாப்புட்டியைக் கழற்றி நீட்டினார்.

அதை மாட்டியதும் நடிகருக்கு உலகமே கலங்கிவிட்டது. கண்ணாடி இல்லாத டொக்டரும் ஒன்றும் தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடிகர் கம்பீரமாக நடந்து போய்ப் பக்கத்துக் கட்டில் சிங்கள முதியவரின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அவரும் சளைக்காமல் நாக்கை நீட்டிக் காட்டினார். நான் தோளைப் பிடித்து அப்பாப் பக்கம் திருப்பிவிட்டேன்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "டொக்டரய்யா... நீங்களா!" என்று வலியோடு கும்பிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. பாவம், நடிகருக்குத் தெரிந்ததெல்லாம் சாவுச் சேதி வசனம்தான். பழக்கதோஷத்தில், "எங்களால முடிஞ்ச வரைக்கும்..." என்று ஆரம்பித்துவிட்டார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது, கண்ணாடி மூக்கில் சறுக்கியது, வலது கை தன்னாலே மேலே போனது.

"கழட்டாதீங்க!" அப்பா போட்ட சத்தத்தில் மிஸ்ஸி ஓடிவந்தார்.

கை அப்படியே நின்றது. பிறகு ஒரு விரலால் கண்ணாடியை மேலே தள்ளி அழுத்தமாகப் பொருத்திக்கொண்டார். "நீங்க பொழச்சுக்குவீங்க. நான் சொல்றேன், ஒப்பரேஷன் பண்ணிக்குங்க" என்றார். வசனமாக இல்லை, ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் சொன்னது.

"எங்கங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் அப்பா.

அப்பா பார்க்கும் வரைக்கும் கண்ணாடியைக் கழற்ற முடியாதே! நடிகரை நான் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனேன். கதவில் ஒரு தடவை, தண்ணீர் வாளியில் ஒரு தடவை மோதிக்கொண்டார். வெளியே வந்ததும் டொக்டர், "ஐயா, கண்ணாடியைத் தாங்கோ, நான் வெட்டோணும்" என்று வாங்கிக்கொண்டு ஓடினார்.

நடிகர் கதிர்காமத்துக்குப் போகவில்லை. எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எங்களைவிட அவருக்குத்தான் கூடப் பதற்றம். எழுந்தார், நடந்தார், உட்கார்ந்தார். "எப்பவும் கதவுக்கு அந்தப் பக்கத்துலேருந்துதான் வருவேன். இந்தப் பக்கம் உக்காந்ததே இல்லம்மா. இப்படியா இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

கதவு திறந்தது. யாழ்ப்பாணத்து டொக்டர் வந்தார். எங்களைப் பார்த்தார். மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயோ, என்ன உட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். நடிகர் சுவரைப் பிடித்துக்கொண்டார். டொக்டர் திகைத்துப்போய்க் கண்ணாடியில் படிந்த வியர்வையைச் சட்டையில் துடைத்தபடியே, "ஏன் எல்லாரும் குழறுறியள்? ஆள் நல்லா இருக்கிறார்!" என்றார்.

அம்மா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். நடிகர் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். "இத்தனை வருஷத்துல ஒரு டைரக்டரும் என்னை ஒருத்தனையாச்சும் காப்பாத்த விடலம்மா" என்றார். மறுநாள் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார், டொக்டரின் கண்ணாடியை இன்னொரு தடவை கடன் வாங்கி மாட்டிக்கொண்டு.

அப்பா அதற்குப் பிறகு நிறைய வருஷம் இருந்தார். தன்னை ஒப்பரேஷன் செய்ததே அந்தச் சினிமா டொக்டர்தான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். யாழ்ப்பாணத்து டொக்டரிடமே ஒருநாள் சொன்னார். அவரும் ஆமாம் என்று தலையாட்டினாராம். இரண்டாயிரத்துக்குப் பிறகு லயத்துக்குக் கரண்ட் வந்தது. பழைய படத்தில் அவர் கை கண்ணாடிக்குப் போகும்போதெல்லாம் அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்து, "அழாதீங்க, அவரு சும்மா சொல்றாரு. உள்ள ஆளு நல்லாத்தான் இருக்கான்" என்பார். இப்போது அப்பா இல்லை. அந்தக் காட்சி வந்தால் நான் என் பிள்ளைகளிடம் அதையே சொல்கிறேன், அந்தக் கதவுக்குப் பின்னால் அப்பாவே படுத்திருப்பது போல எனக்குத் தோன்றுவதால்.